ஏழாவது பீக்கர்

எங்கள் துறையில் ஆய்வு என்றால்
தண்ணீர் போகும்வரை பார்த்திருப்பது.
பாலித்தீன் தாளால் வாய் கட்டி
குண்டூசியால் குத்திய ஒன்பது துளை.
அந்த ஒன்பது வழியாகத்தான்
ஆவியாகி வெளியே வரவேண்டும்
என் முனைவர் பட்டம்.

நாகர்கோவிலுக்கு ஆண்டில் இரண்டு மழை.
எடவப்பாதியில் காற்று ஏற்கெனவே நிறைகுடம்,
ஒரு சொட்டு கூட வாங்கிக்கொள்ளாது.
ஐப்பசியில் இன்வெர்ட்டர் சாகும்.
நடுவே கிடைக்கிற வெயிலுக்கு
எட்டுப் பேர், ஒரே மேசை,
முப்பத்தொரு பீக்கர்.
ஒவ்வொன்றின் விலாவிலும் மார்க்கரில் ஒரு பெயர்.

முதல் மூன்றில் பொடிதான் விழுந்தது.
பக்கத்துக் கட்டிடத்தில் போர்வெல் இறக்கிய அன்று
நான்காவது கலங்கியது.
ஐந்தாவதில் பூசணம்.
ஆறாவதை நானே தட்டினேன், துப்பட்டா நுனியால்.
டெல்பின் மேடம் ஒன்றும் சொல்லவில்லை.
நோட்டில் தேதி மட்டும் போடச் சொன்னார்.

ஏழாவதில் விதையைத் தொங்கவிட்ட வாரம்
கருங்கலில் தங்கைக்குக் கல்யாணம்.
பதினோரு நாள்.
"நீ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றான் சுயம்பு.
புத்தளத்து உப்பளத்துக்காரன்,
பகலில் பள்ளிக்கூட வாத்தியார்,
மாலை ஐந்துக்கு மேல் ஆராய்ச்சியாளன்.

தினமும் ஒரு வரி வரும்.
முப்பத்திரண்டு டிகிரி. விதை அசையல்ல.
பேன் அணைச்சாச்சு. ஜன்னல் அடைச்சாச்சு.
இன்னைக்கு ஒண்ணுமில்ல.
இன்னைக்கும் ஒண்ணுமில்ல.
பிறகு, பந்தியில் பருப்புக்கும் பாயசத்துக்கும் நடுவே:
ஒரு முகம் தெரியுது.

நான் சிரித்த சிரிப்பை
மாப்பிள்ளை வீட்டார் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள்.

நகக்கண் அளவு.
அடியில் வைத்த பஸ் டிக்கெட்டில்
கட்டணத்தை வாசிக்க முடிந்தது.

வளர்க்கத் தெரிந்த எங்களிடம்
அதைப் பார்க்கத் தெரிந்த கருவி இல்லை.
நகைக்கடை ரோஸ் தாளில் பொதிந்து
காலை ரயிலில் திருவனந்தபுரம்.
"பொன்னா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.
"உப்பு" என்றேன்.
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்ரீகலா டீச்சர் லேசர் மேசையை ஒதுக்கித் தந்தார்,
குழியம்மியையும் நீட்டினார்.
"பொடிக்கணம்."
நாற்பத்தாறு நாளில் பாதியை
நானே அரைத்தேன்.
கண்ணுக்குத் தெரியாத சிவப்பு உள்ளே போய்
பச்சையாக வெளியே வந்தது.
ஒரு விநாடிக்குப் பத்துத் தடவை,
பச்சை, பச்சை, பச்சை.
இருட்டறையில் இரண்டு பேரும்
எதற்கோ குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டோம்.

மீதியில் ஒரு சில்லு தபாலில் சென்னைக்கு.
ஒரு சில்லை மதுரையில் வைர முனையால் குத்தி
குழியின் நீளத்தை மைக்ரானில் எழுதி அனுப்பினார்கள்.
கல் திரும்பி வரவில்லை.
கேட்கவும் ஒரு மாதிரி இருந்தது.

கட்டுரையில் ஐந்து பெயர்.
எந்தப் பெயருக்கு அடுத்து எந்தப் பெயர் என்பதில்
படிகத்தை வளர்த்ததைவிட அதிக நாள் போனது.
"சுயம்பு என்ன செய்தான்?" என்று கேள்வி வந்தது.
"ஜன்னல் அடைத்தான்" என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
மறுநாள் பிரதியில் அவன் பெயரைப் பென்சிலால் அடித்திருந்தது.
பேனாவால் எழுதினேன்.
மேடம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மதிப்பீட்டாளர் பதில் ஜூன் மாதம் வந்தது.
நல்ல முடிவு.
இன்னொரு படிகத்தில் செய்து காட்டவும்.

வெளியே வடசேரி முழுக்க மழை.
குடைகள் ஆய்வகத்து மூலையில் சொட்டுகின்றன.
சுயம்பு எட்டாவது பீக்கரின் வாயைக் கட்டி
குண்டூசியைப் பல்லில் கடித்தபடி எண்ணுகிறான்.
"பதினாலு போட்டிருக்கேன். மழையப் பாத்தியா?"
"கூடிப்போனா பொடியா விழும்."
"அப்ப பன்னெண்டு."
"ரெண்டை எப்படி அடைப்ப?"
செலோ டேப்பைத் தேடினோம்.
பீக்கர் விலாவில் இந்த முறை
இரண்டு பெயர் எழுத வேண்டும்.
மார்க்கர் காய்ந்துபோயிருந்தது,
இந்த ஈரத்திலும்.